ஒரு முழுச் சட்டை

அந்தக் கம்பெனியில் யாருக்கும் பெயர் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்று எந்த மெஷினில் உட்கார வைக்கிறார்களோ அதுதான் பெயர். சட்டையில் பாக்கெட் வைக்கிறவள் பாக்கெட். கை பொருத்துகிறவர் ஸ்லீவ் அண்ணன். "பட்டன் இன்னைக்கு லீவு, அவ புருஷனுக்குக் காய்ச்சல்" என்று யாராவது சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இவள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து காலர் மெஷினில் உட்கார்ந்தவள். முதலில் காலர் என்றார்கள். தலையில் நரை தெரிய ஆரம்பித்ததும் காலரக்கா என்றார்கள். ஒருநாளும் இன்னொரு மெஷினுக்கு மாற்றிக் கேட்டதில்லை. கேட்கிற சுபாவமும் இல்லை. சூப்பர்வைசர் திட்டினால் தலையைக் குனிந்துகொள்வாள், பாராட்டினால் இன்னும் குனிந்துகொள்வாள். நடுவில் கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தது. வேலை தேடிப் போகிறேன் என்று கிளம்பிய புருஷன் இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறான். அவள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். பின்கட்டில் பழைய சாமான் போட்டுவைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அண்ணி அப்போதே சொன்னாள்: "நான் ஒண்ணும் சொல்லல. தாராளமா இருங்க. ஆனா எவ்வளவு நாளைக்குன்னு சொல்லிட்டா நல்லா இருக்கும்."

அண்ணிக்கு எதையும் "நான் ஒண்ணும் சொல்லல" என்றுதான் ஆரம்பிக்க வரும். அதற்குப் பிறகு ஒன்றும் பாக்கி வைக்க மாட்டாள்.

ஒருநாள் காலையில் போனபோது கம்பெனி கேட்டில் பூட்டு தொங்கியது. முதலாளி மெஷின்களை வேறு ஊருக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சாயந்திரம் வரை கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டு, பாக்கெட்டும் பட்டனும் ஸ்லீவும் காலரும் ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்து போனார்கள்.

அந்த வருஷம் மகள் பத்தாவது முடித்தாள். கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். அண்ணியோ வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவளுடைய சித்தி மகளுக்குக் கைக்குழந்தை. வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டுமாம்.

"நான் ஒண்ணும் சொல்லல. பெரிய வீடு. வெயில் படாத வேலை. மூணு வேளை சாப்பாடு. படிச்சு மட்டும் என்ன, கலெக்டரா ஆகப்போறா?"

அண்ணன் நல்லவர். ஆனால் அவருடைய நல்ல குணமெல்லாம் வாசலோடு சரி, வீட்டுக்குள் வந்தால் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார். ஒருநாள் மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்துத் தங்கையிடம் மெதுவாகச் சொன்னார்:

"ஏதோ வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன்னு சொன்னியே, அந்த விசா மட்டும் உறுதியாகட்டும். நான் நேர்ல போய்ப் பள்ளிக்கூடத்துல சேத்துவிடறேன். நீ திரும்பி வர்ற வரைக்கும் அவ என் பொறுப்பு. அது இல்லன்னா, இவ வாயை என்னால அடைக்க முடியாதும்மா."

"எப்பவரைக்கும் சேத்துக்குவாங்கண்ணே?"

"வர்ற வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி கடைசி."

பாஸ்போர்ட் என்று ஒன்று இருந்தால் விசா அதில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்றுதான் காலரக்கா நினைத்திருந்தாள். ஹோட்டல் ஆட்களுக்கு யூனிபார்ம் தைக்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தையல் ஆட்கள் வேண்டும் என்று கேள்விப்பட்டுத்தான் ஏஜென்சிக்குப் போனாள். பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள், காட்டினாள். மறுநாள் மெடிக்கல் முடிவு கேட்கப் போனபோது அங்கே உட்கார்ந்திருந்த பெண் மலர்ந்த முகத்தோடு சொன்னாள்:

"உடம்பெல்லாம் நல்லா இருக்குக்கா. இனி டெஸ்ட்தான்."

"அதான் முடிஞ்சுபோச்சேம்மா."

"அது உடம்புக்கு. இது வேலைக்கு. விசாங்கறது ஆளுக்குக் குடுக்கறது இல்லக்கா, தொழிலுக்குக் குடுக்கறது. உங்க விசாவுல தையல்காரர்னு போடுவாங்க. அப்ப நீங்க தையல்காரர்தான்னு யாராவது பாத்துச் சொல்லணும்ல? அந்தக் கம்பெனி ஆளே வர்றார். ஒரு ஆளை நிக்க வைப்பாங்க. அளவெடுத்து, துணியை வெட்டி, முழுச் சட்டை தைச்சுக் காட்டணும். அவர் சரின்னு சொன்னாத்தான் பாஸ்போர்ட் தூதரகத்துக்கே போகும்."

காலரக்கா திருப்பிக் கேட்டாள்:

"முழுச் சட்டையா?"

"ஆமா. நீங்கதான் இருபது வருஷத்துக்கு மேல சட்டைக் கம்பெனியில தைச்சேன்னீங்க?"

தைத்தாள்தான், பொய்யில்லை. இந்த ஊரில் பாதிப் பேர் கழுத்தைச் சுற்றி அவள் தைத்த காலர் இருக்கும். ஆனால் ஒரு சட்டையை முதலிலிருந்து கடைசி வரை அவள் பார்த்ததுகூட இல்லை. காலராக வரும், காலராகப் போய்விடும்.

"காலர் மட்டும் தைக்கிறவங்களுக்கு விசா இருக்காம்மா?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "எனக்கு ஸ்டீயரிங் மட்டும் பிடிக்கிற விசா வேணும்க்கா, கேட்டுச் சொல்லுங்க" என்றான் டிரைவர் வேலைக்கு வந்த ஒருவன். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"போன வருஷம் வரைக்கும் மெஷின் ஓட்டறவங்கன்னு தனியா ஒண்ணு இருந்துச்சு. ஒரே வேலையைச் செஞ்சு காட்டினாப் போதும். இப்ப அந்த நாட்டுல அதை நிறுத்திட்டாங்க. தையல்காரர் மட்டும்தான்."

"இதுல சரியா வரலைன்னா?"

"ஒரு வருஷம் கழிச்சு மறுபடி வரலாம். ஆனா..." அந்தப் பெண் பாஸ்போர்ட்டைத் திறந்து பிறந்த தேதியைப் பார்த்தாள். "நாப்பத்தஞ்சு தாண்டினா எடுக்க மாட்டாங்கக்கா. உங்களுக்கு இதான் கடைசி."

டெஸ்ட் அடுத்த வியாழக்கிழமை. அதற்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் கடைசி நாள். கையைப் பிசைந்துகொண்டு பஸ்ஸில் வந்தவள், முன்சீட்டில் இருந்தவரின் சட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முதுகில் ஒரு துண்டு, தோளில் ஒரு துண்டு. எது முதலில், எது பிறகு? தெரியவில்லை. காலர் மட்டும் பழகிய முகம்போல அவளைப் பார்த்தது.

மறுநாள் முதல் அவள் கலைந்துபோன சட்டையைத் தேடி வீடு வீடாகப் போனாள்.

பாக்கெட் இப்போது தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் வண்டி மேலேயே ஒரு பழைய பேப்பரை விரித்து மடித்துக் காட்டினாள். மடிப்பு எவ்வளவு, மூலையில் எப்படித் திருப்ப வேண்டும், எங்கே இரண்டு முறை தைக்க வேண்டும், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"சட்டையில எந்த இடத்துல வைக்கணும்டி?"

பாக்கெட் யோசித்தாள். "அதை யாரு பாத்தா? எனக்கு வர்றப்பவே பென்சில் புள்ளி இருக்கும்."

"ஏய், பதினாறு வருஷம் வச்சிருக்கே!"

"நீ பெரிய யோக்கியம். காலர் எந்தப் பக்கம் கழுத்துல உக்காரும்னு உனக்குத் தெரியுமா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பாக்கெட்டே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல பழைய மெஷின் கிடக்கு, வந்து பழகிக்கோ" என்றாள்.

ஸ்லீவ் அண்ணன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். கார் வரும்போதெல்லாம் ஓடிப் போய்த் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து சொல்லிக் கொடுத்தார்.

"கைத்துணி எப்பவும் தோளைவிடக் கொஞ்சம் அதிகமா இருக்கும் தங்கச்சி. பயந்துராத. கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளிக்கிட்டே போ. இழுத்தியோ, கெட்டுது." ஹாரன் கேட்டது. "வர்றேன் இரு. அங்கயும் கைதான், இங்கயும் கையைத் தூக்கி இறக்கறதுதான். என் ஜாதகம்."

முன்பக்கப் பட்டன் பட்டி தைத்தவளைப் பார்த்தாள், கையின் நுனியில் கஃப் வைத்தவரைப் பார்த்தாள். எல்லோரும் ஒருவர் விடாமல் கடைசியில் ஒன்றையே சொன்னார்கள்: "காலர்தான் கஷ்டம், அது உன்கிட்டயே இருக்கே. உனக்கென்ன?"

அந்த ஒரு சொல்தான் அவளை நடக்க வைத்துக்கொண்டிருந்தது.

வெட்டுவதற்கு யாரைக் கேட்பது? கட்டிங் மாஸ்டரைத்தான் கேட்க வேண்டும். கம்பெனியில் அவர் கண்ணாடி அறைக்குள் இருப்பார். இவர்களோடு சேர்ந்து டீகூடக் குடிக்க மாட்டார். வீட்டு வாசலில் போய் நின்றபோது அவர் பேரனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுப் பேரன் தலையை மறுபடி துவட்டினார்.

"அட்டையில வெட்டின அளவு மேலிருந்து வரும்மா. நூறு துணியை அடுக்கி, அட்டையை வச்சு, கரண்ட் கத்தியால அறுப்பேன். எனக்கு நூறு சட்டை வெட்டத் தெரியும். ஒரு சட்டை வெட்டத் தெரியாது."

அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளும் அவரைப் பார்க்கவில்லை. "வர்றேங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வழிகாட்டியது மகள்தான். "அம்மா, மாமாவோட பழைய சட்டை ஒண்ணைப் பிரிச்சுட்டா அட்டை கிடைச்சிடுமே. அதை வரைஞ்சு எடுத்துப்போம். பெரிய ஆள் வந்தா எவ்வளவு கூட்டணும், சின்ன ஆள் வந்தா எவ்வளவு குறைக்கணும்னு நான் கணக்குப் போட்டுத் தர்றேன்."

நல்லதாகப் பார்த்து ஒரு சட்டையைத் தையல் தையலாகப் பிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் தூங்கும்போது மகள் டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தோள், நெஞ்சு என்று அளந்தாள். "வயித்தைச் சுத்தி வர மாட்டேங்குதும்மா, பாதி அளந்து ரெண்டால பெருக்கிக்கறேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்தில் அந்த அறையில் கேட்ட ஒரே சிரிப்பு அது. அண்ணி வந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. இருந்த சட்டையையும் பிரிச்சாச்சு. அடுத்து என்ன, வீட்டைப் பிரிப்பீங்களா?"

பாக்கெட் வீட்டு மெஷினில், பழைய படுக்கை விரிப்பை வெட்டி இரண்டு சட்டை தைத்தாள். முதல் சட்டையில் இடது கை வலது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. பிரித்து மறுபடி தைத்தாள். இரண்டாவது சட்டை போட்டுப் பார்க்கிற மாதிரி வந்தது. இரண்டிலும் காலர் வைக்காமல் கழுத்தோடு நிறுத்திக்கொண்டாள். துணியும் பற்றவில்லை, பொழுதும் பற்றவில்லை. தெரிந்ததைத் தைத்து எதற்குத் துணியை வீணாக்க வேண்டும்?

வியாழக்கிழமை ஏஜென்சிக்குப் பின்னால் இருந்த கூடத்தில் ஆறு மெஷின்கள் போட்டிருந்தார்கள். ஐந்தில் ஆண்கள். கடைத்தெருவில் சொந்தமாகக் கடை வைத்திருந்தவர்கள் போல நிதானமாகக் கத்தரியைத் தட்டிப் பார்த்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஆள் மெலிந்தவர், தமிழர்தான், அதிகம் பேசவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் ஆளை நிறுத்தினார். காலரக்காவுக்கு வாய்த்தவர் அந்த அலுவலகத்து டிரைவர், தொப்பை இருந்தது. அவளுக்கு அழுகை வருவதற்குப் பதில் நிம்மதி வந்தது. அண்ணன் அளவுதான்.

அளந்தாள், வெட்டினாள். கத்தரி கோட்டை விட்டுப் போகவில்லை. தோள் சேர்ந்தது. பட்டி நேராக நின்றது. புள்ளி வைக்காமலே பாக்கெட் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கைத்துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே போனாள். எங்கேயோ ஒரு ஹாரன் கேட்டபோது ஸ்லீவ் அண்ணன் பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது. கம்பெனி ஆள் ஒருமுறை பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். இனி காலர் மட்டும்தான். அவள் அன்று முதல்முறையாக முதுகைச் சாய்த்து மூச்சு விட்டாள்.

மேஜைமேல் காலருக்குள் வைக்கிற விறைப்பான கேன்வாஸ் துணி ஒரு துண்டு கிடந்தது. அதைக் கையில் எடுத்தவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் பார்த்தாள்.

இது எந்தப் பக்கம் ஒட்டும்? எவ்வளவு விட்டு வெட்ட வேண்டும்?

கம்பெனியில் காலர் அவளிடம் வரும்போதே கேன்வாஸ் ஒட்டி, தேய்த்து, அளவாக வெட்டி, கோடு போட்டு வரும். அந்தக் கோட்டின்மேல் ஓட்டுவாள். தைத்ததைத் தள்ளிவிட்டால், பக்கத்தில் ஒரு மெஷின் இரண்டு முனைகளையும் சூடாகக் கவ்வி, ஒரே நொடியில் உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஊசிபோல நிறுத்தித் திருப்பிக் கொடுக்கும். மேல் தையல் போடுவாள், அவ்வளவுதான். அந்த முனையை அவள் கை ஒருநாளும் திருப்பியதில்லை. திருப்பத் தெரியவில்லை என்பதுகூட இத்தனை வருஷம் அவளுக்குத் தெரியவில்லை.

ஏதோ ஓர் அளவில் வெட்டி ஒட்டினாள். கோட்டை அவளே போட்டாள். தையல் மட்டும் தண்ணீர்போல ஓடியது. முனையில் துணி தடித்து நிற்க, ஒட்ட வெட்டினாள். உள்ளிருந்து கத்தரி முனையால் தள்ளித் திருப்பினாள். ஒரு பக்கம் வந்தது. இன்னும் கொஞ்சம் கூராக வரட்டும் என்று மறுபக்கத்தைத் தள்ளியபோது, துணியைப் பொத்துக்கொண்டு கத்தரி வெளியே வந்துவிட்டது.

வேறு துணி இல்லை. பக்கத்து மெஷின்காரர் பார்த்தும் பார்க்காதவர்போல நூலைக் கடித்தார். ஓட்டையை உள்ளே மடித்துத் தைத்தாள். அந்த முனை மழுங்கி, நாக்கைப் போலத் தொங்கியது.

டிரைவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். கம்பெனி ஆள் கையைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார். தோளைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு காலரைப் பார்த்தார். இரண்டு முனையையும் விரலால் பிடித்துப் பார்த்தார்.

"கம்பெனியில என்ன தைச்சிட்டிருந்தீங்க?"

"காலர் சார்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று ஒரு நொடி அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"அடுத்த வருஷம் வாங்கம்மா. மத்ததெல்லாம் நல்லா வந்திருக்கு."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும் சார். இன்னொரு துண்டுத் துணி குடுங்க சார். இங்கயே, உங்க கண்ணு முன்னாடியே..." இவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை.

"ஹோட்டல் வாசல்ல நிக்கிறவன் போடற சட்டைம்மா. வர்றவங்க முதல்ல பாக்கறதே காலரைத்தான். வயசு விஷயம் நான் போட்ட சட்டமில்ல." அடுத்த மெஷினுக்கு நகர்ந்துவிட்டார். டிரைவர் பட்டனைக் கழற்றிக்கொண்டே, "எனக்குச் சரியாத்தான்கா இருக்கு" என்றார் பாவமாக.

பஸ்ஸில் அவள் யார் சட்டையையும் பார்க்கவில்லை. இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்த் திரும்பி நடந்தாள்.

வீட்டில் மூன்று பேருமே முன்னறையில் இருந்தார்கள். அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தார். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணிதான் ஆரம்பித்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கல. சித்தி மகள் போன் பண்ணினா, சனிக்கிழமை காரை அனுப்பறாளாம். அனுப்பச் சொல்லவா, வேண்டாம்னு சொல்லவா?"

காலரக்கா செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வேண்டாம்னு சொல்லிடுங்கண்ணி. டெஸ்ட் ஆயிடுச்சு."

"ஆயிடுச்சுன்னா?"

"பாஸு."

யாரும் சந்தேகப்படவில்லை. பேசவே பேசாதவள் பொய் சொல்லுவாள் என்று யாருக்குத் தோன்றும்? அண்ணன் எழுந்து வந்து தலையில் கை வைத்தார். "பிளைட்டு எப்போ?" என்றாள் அண்ணி. "சொல்லி அனுப்புவாங்களாம்" என்றாள் இவள். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தலைமையாசிரியர் அறைக்குள் அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, தாயும் மகளும் வெளியே பெஞ்சில் இருந்தார்கள். மகள் அவள் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"கை ரெண்டும் சரியா வந்துச்சாம்மா?"

"வந்துச்சு."

"பாக்கெட்?"

"அதுவும்தான்."

மகள் அதற்குமேல் கேட்கவில்லை. அம்மாவின் விரல்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா என்று காலரக்காவால் சொல்ல முடியவில்லை.

அண்ணன் அங்கிருந்தே வேலைக்குப் போனார். மகள் அன்றே வகுப்பில் உட்கார்ந்தாள். காலரக்கா வீட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனால் அண்ணி பிளைட்டு எப்போது என்று கேட்பாள். இன்றைக்குக் கேட்பாள், நாளைக்குக் கேட்பாள், ஒருநாள் ஏஜென்சிக்கே போன் போட்டுக் கேட்பாள். அதற்குள் கையில் ஒரு வேலை இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பாதி வகுப்பிலிருந்து அந்தப் பெண்ணை எழுப்பிக் காரில் ஏற்றிவிடுவார்கள்.

கடைத்தெருவில் மூன்று தையல்கடையில் ஆள் வேண்டாம் என்றார்கள். நாலாவது கடை ஒரு பெட்டி அகலம். பள்ளிக்கூடம் திறந்த நேரம். வெட்டிப்போட்ட யூனிபார்ம் துணி சுவர் உயரத்துக்கு மலைபோலக் கிடந்தது. இரண்டாவது மெஷின் காலியாக இருந்தது. கடைக்காரர் கழுத்தில் டேப்போடு, வாயில் குண்டூசியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தெரியும்?"

"சட்டை தைப்பேண்ணே. அளவெடுத்து, வெட்டி, எல்லாம்." கொஞ்சம் நின்றாள். "காலர் மட்டும் நீங்க ஒருதரம் காட்டணும்."

அவர் குண்டூசியை எடுத்துவிட்டுச் சிரித்தார். "காலர் தெரியாம என்ன சட்டை? இவ்வளவு நாள் என்னதான் தைச்சிட்டிருந்தீங்க?"

அவள் காலி மெஷினைப் பார்த்தாள். அவர் துணிமலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி துணிமலையைப் பார்த்தார்.

"சரி, நாளைக்கு வாங்க. பாக்கலாம்."

"நாளைக்கு வேண்டாம்ணே. இப்பவே உக்காந்துடறேன்" என்றாள் காலரக்கா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.